தலைகீழாகப் பறக்கும் பட்டம்

ட்ரோலிங் என்றதும் இன்றைக்கு நம்மில் பலருக்கு மீம் நினைவுக்கு வரும். கடற்கரைப் பழக்கம் உள்ளவர்களுக்கு, இழுவைமடி போட்டுக் கடலடியை வாரிக்கொண்டு போகும் விசைப்படகு நினைவுக்கு வரும். அது டிராலிங், ஒலி கிட்டத்தட்ட ஒன்று, தொழில் வேறு. இங்கே பேசப்போவது மூன்றாவது சங்கதி. மெதுவாக ஓடும் படகுக்குப் பின்னால் தூண்டில் இரையை இழுத்துக்கொண்டே போய், துரத்தி வந்து கடிக்கும் மீனைப் பிடிப்பது. வட அமெரிக்காவின் பேரேரிகளில் சால்மன் பிடிக்கிறவர்களின் வேலை பெரும்பாலும் இதுதான். கோடைக்காலத்தில் டொரண்டோவின் கிழக்கே, தமிழர்கள் நிறைந்த ஸ்கார்பரோவின் களிமண் குன்றுகளுக்குக் கீழே பிளஃபர்ஸ் பார்க் படகுத்துறையில் விடிவதற்கு முன்னால் நின்று பார்த்தால், இருபுறமும் நீளமான கோல்களைச் சாய்த்து வைத்துக்கொண்டு சின்னச் சின்னப் படகுகள் ஒண்டாரியோ ஏரிக்குள் போவது தெரியும். அந்தக் கோல்களில் சில மட்டும் படகை நிறுத்தியிருக்கும்போது நிமிர்ந்தும், ஓடத் தொடங்கியதும் வில்லாய் வளைந்தும் இருக்கும். மீன் எதுவும் மாட்டியிருக்காது. ஆனாலும் வளைந்திருக்கும். அந்த வளைவுக்குக் காரணமான சின்னப் பிளாஸ்டிக் வட்டும், அதற்கேற்ற கோலையும் நூலையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதும்தான் இந்தக் கட்டுரை.

முதலில், அப்படி ஒரு வட்டு எதற்கு? பேரேரிகளில் இருக்கும் சினூக், கோஹோ சால்மன்கள் பசிபிக் கடலுக்குச் சொந்தமானவை. வெல்லண்ட் கால்வாய் வழியாக மேல் ஏரிகளுக்குள் நுழைந்த ஏல்வைஃப் என்ற சிறுமீன், அதைத் தின்ன ஆளில்லாமல் கட்டுக்கடங்காமல் பெருகியது. அதைத் தின்பதற்காக 1966இல் மிச்சிகன் மாநில மீன்வளத் துறை கோஹோவையும் அடுத்த ஆண்டு சினூக்கையும் கொண்டுவந்து விட்டது. அந்த முயற்சியோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் ஹோவர்டு டேனர். நமக்கு வேண்டியது சினூக்கின் ஒரு குணம் மட்டும்: அதற்குப் பிடித்த தண்ணீர் 12 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்க வேண்டும். ஆகஸ்டில் ஏரியின் மேற்பரப்பு 20 டிகிரியைத் தாண்டிவிடும். குளிர்ந்த அடுக்கு 60 அடியிலோ 100 அடியிலோ கிடக்கும்; மீனும் அங்கேதான் கிடக்கும். ஒருநாள் இரவு மேற்குக் காற்று பலமாக அடித்தால் வடகரையில் மேலிருக்கும் வெதுவெதுப்பான நீர் விலகி, அடியில் இருந்த குளிர்நீர் கரைக்கே ஏறிவிடும். நேற்று குளித்த கடற்கரையில் இன்று கால் வைக்க முடியாமல் டொரண்டோவாசிகள் திகைப்பது இதனால்தான். ஆக, இரையை இவ்வளவு ஆழத்துக்கு இறக்கவும் வேண்டும், அந்த ஆழத்தை நாளுக்கு நாள் மாற்றவும் வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு பவுண்டு ஈயக்குண்டைக் கம்பியில் கட்டி இறக்கும் டவுன்ரிகர் இதற்கு ஒரு வழி. துல்லியமானது, ஆனால் விலை அதிகம். குண்டு படகுக்கு நேர் கீழேயே தொங்கும் என்பதால் இரைகளைப் பக்கவாட்டில் பரப்பவும் முடியாது. இன்னொரு வழி மூழ்குவட்டு. டைவிங் பிளேனர் என்பது அதன் பொதுப்பெயர். லூர் ஜென்சன் நிறுவனத்தின் டிப்சி டைவர் அதில் மிகப் பிரபலம் என்பதால் எல்லாவற்றையுமே டிப்சி என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு. பட்டம் விட்டவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். காற்றை எதிர்த்துச் சாய்ந்து நிற்கும் பட்டம் மேலே ஏறுகிறது. ஓடும் படகு இழுக்கையில் தண்ணீரை எதிர்த்துச் சாய்ந்து நிற்கும் வட்டு கீழே இறங்குகிறது. பட்டத்துக்கு யாழ்ப்பாணத்தில் முச்சை கட்டுவதும் சென்னையில் சூத்திரம் போடுவதும் எதற்கோ, அதற்குத்தான் வட்டின் அடியில் 0 முதல் 3 வரை எண்கள் போட்ட ஒரு திருகுதட்டு இருக்கிறது. 0இல் வைத்தால் நேராகக் கீழே போகும். 3இல் வைத்தால் படகிலிருந்து இடப்பக்கமோ வலப்பக்கமோ நன்றாக விலகி, அதற்கு ஈடாக ஆழம் குறைந்து ஓடும். வட்டுக்குப் பின்னால் ஆறேழு அடி லீடர் நூல், அதன் முனையில் பளபளக்கும் ஃபிளாஷரும் இரையும். மீன் கடித்து இழுத்தால் வட்டில் இருக்கும் கொக்கி விடுபட்டு, வட்டு சாய்வை இழந்து தட்டையாகிவிடும். தண்ணீரின் எதிர்ப்பு போய், மீனை மட்டும் இழுத்தால் போதும். மீன் மாட்டாமலேயே தூண்டிலைச் சுருட்டவேண்டி வந்தால், கோலை ஒரு வெட்டு வெட்டி அந்தக் கொக்கியை நாமே விடுவிக்க வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பாதி அதில் இருக்கிறது.

தூண்டில் சாமான் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, இந்த நூல் எத்தனை பவுண்டு தாங்கும் என்பது. இரண்டாவது, கோல் உடையாமல் இருக்குமா. இரண்டுமே நியாயமான கவலைகள்தான். 2021இல் மிச்சிகனின் லடிங்டன் அருகே 47.86 பவுண்டு சினூக் ஒன்று பிடிபட்டு, 1978 முதல் நின்ற மாநில சாதனையை உடைத்தது. ஆனால் மூழ்குவட்டோடு பிடிக்கிறவர் கேட்கவேண்டிய கேள்வி வேறு. மீனுக்கும் படகுக்கும் இடையே ஏதோ ஓர் இடத்தில் நெகிழ்வு இருந்தே ஆகவேண்டும். அந்த நெகிழ்வை எங்கே வைப்பது? நூலில் வைப்பதா, கோலில் வைப்பதா? மற்ற பல தூண்டில் முறைகளில் எங்கே வைத்தாலும் வேலை நடந்துவிடும். இங்கே அப்படி நடக்காது. நெகிழ்வு கோலில் இருக்க வேண்டும், நூலில் இருக்கவே கூடாது என்பது என் கட்சி. கோலைத் தனியாகவும் நூலைத் தனியாகவும் தேர்ந்தெடுக்கிறவர் பாதிக் காசை வீணாக்குகிறார்.

நூலின் பருமனிலிருந்து தொடங்கலாம். 20 பவுண்டு தாங்கும் சாதாரண நைலான் நரம்பு கிட்டத்தட்ட 0.46 மில்லிமீட்டர் பருமன். 30 பவுண்டு தாங்கும் பின்னல் நூல், அதாவது பிரெய்டு, 0.28 மில்லிமீட்டர்தான். ஒன்றரை மடங்கு பலம், ஆனால் ஐந்தில் மூன்று பங்கு பருமன். இந்த வித்தியாசம் கண்ணுக்குத் துரும்பாகத் தெரியும். அதை நீளத்தால் பெருக்கிப் பாருங்கள். வட்டை இறக்க 200 அடி, சுமார் 60 மீட்டர் நூல் விட்டிருக்கிறோம் என்று கொள்வோம். நைலான் நரம்பு தண்ணீருக்குக் காட்டும் முகப்பு 276 சதுர சென்டிமீட்டர். பின்னல் நூல் காட்டுவது 168. நாலு அங்குல விட்டமுள்ள பெரிய வட்டின் முழுப் பரப்பே 80 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான். வட்டைவிட அதைக் கட்டியிருக்கும் நூல் மூன்று மடங்கு பெரியது என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்பார்கள்? நூல் சாய்ந்து ஓடுவதால் இந்தப் பரப்பு முழுவதும் தண்ணீரை எதிர்ப்பதில்லை; ஆனாலும் இரண்டு நூல்களுக்கும் இடையிலான விகிதம் பெரிதாக மாறப்போவதில்லை. கனமான நூல் கட்டிய பட்டம் எவ்வளவு நூல் விட்டாலும் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது, நூல் தொய்ந்து தொப்பை போடும். தண்ணீருக்குள் அதே தொப்பை பின்பக்கமாக விழுகிறது. வட்டு இறங்கப் பார்க்கிறது, நூல் அதை மேலே தூக்கிப் பிடிக்கிறது. வட்டின் அட்டையில் இத்தனை அடி நூலுக்கு இத்தனை அடி ஆழம் என்று அச்சிட்டிருக்கும் அட்டவணையை நம்பி, வேறு பருமன் நூலைப் போட்டுவிட்டு, மீன் இல்லை என்று திரும்பி வருகிறவர் ஏமாந்தது மீனிடம் அல்ல.

பருமனைவிடப் பெரிய விஷயம் நீட்சி. நைலான் அறுவதற்கு முன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் நீளக்கூடியது. ஈரமானால் இன்னும் தாராளமாக நீளும். பின்னல் நூல் செய்யப்படும் மீவலுப் பாலித்தீன் இழை மூன்று நான்கு சதவீதம் நீண்டதும் அறுந்துவிடும் ரகம். இனி, கொக்கியை விடுவிக்கக் கோலை வெட்டி இழுப்பதை யோசியுங்கள். ஆடும் படகில் நின்றுகொண்டு ஒருவர் கோலின் நுனியைப் பின்னுக்கு வீசக்கூடிய தூரம் இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 60 மீட்டர் நூலுக்கு அது மூன்று சதவீதம். நைலானுக்கு மூன்று சதவீதம் ஒரு சோம்பல் முறிப்பு. வீச்சை முழுவதுமாய் விழுங்கிவிட்டு வட்டுக்கு ஒரு சின்னத் தட்டை மட்டும் அனுப்பும். பின்னல் நூலுக்கு அதே மூன்று சதவீதம் உயிர் போகிற இழுப்பு. அந்த எல்லைக்குப் போவதற்கு வெகு முன்பே கொக்கி சட்டென்று விடுபட்டுவிடும். நைலானில் பிடிக்கிறவர் இதைச் சமாளிக்க ஒன்று செய்வார்: கொக்கியின் திருகைத் தளர்த்தி வைப்பார். அப்போது அலை ஒன்று படகைத் தூக்கினாலே கொக்கி விடுபடும், மீன் இல்லாமல் வட்டு மேலே மிதந்து வரும், மறுபடி முதலிலிருந்து. திருகை இறுக்கினால் விடுபடாது, தளர்த்தினால் தானே விடுபடும் என்ற இந்த இக்கட்டில் திருகின்மேல் குற்றமில்லை. நூல்தான் செய்தியைப் போய்ச் சேரவிடாமல் நடுவழியில் தின்கிறது.

நீளாத பின்னல் நூலுக்கும் ஒரு விலை உண்டு. அதன் ஒரு முனையில் மணிக்கு இரண்டரை மைல் வேகத்தில் ஓடும் படகும், மறுமுனையில் எதிர்த்திசையில் பாயும் இருபது பவுண்டு மீனும் மோதிக்கொள்ளும்போது இடையில் எதுவும் நெகிழாவிட்டால், ஒன்று லீடர் அறும், அல்லது தூண்டில் முள் மீனின் வாயைக் கிழித்துக்கொண்டு வரும். இரண்டாவதுதான் அதிகம். முள் குத்திய ஓட்டை பெரிதாகி, பத்து நிமிடம் போராடிவிட்டுப் படகருகே வந்து மீன் கழன்றுபோகும். பின்னல் நூலை வாங்கிப் பார்த்துவிட்டு, மீன் நிறையத் தப்புகிறது, நைலானே தேவலை என்று திரும்பிப் போனவர்கள் கணிசம். அவர்கள் நூலை மாற்றினார்கள், கோலை மாற்றவில்லை. நைலானுக்கென்று வாங்கிய விறைப்பான கோலில் பின்னல் நூலைச் சுற்றுவது, வில்லுக்கட்டை இல்லாத மாட்டுவண்டியை மேடுபள்ளத்தில் ஓட்டுவது போல. நூலிலிருந்து எடுத்த நெகிழ்வைக் கோலில் திருப்பிப் போட வேண்டும்.

ஆனால் வெறுமனே மெத்தென்ற கோல் வாங்கினால் போதுமா என்றால், போதாது. இதுதான் மூழ்குவட்டுக்கான கோலை மற்ற கோல்களிலிருந்து பிரிக்கிற இடம். சாதாரணத் தூண்டில் கோல் மீன் கடிக்கும்வரை நிமிர்ந்தே நிற்கும். அதன் வளைவு முழுவதும் மீனுக்காகச் சேமிக்கப்பட்டிருக்கும். மூழ்குவட்டின் கோல் அப்படியல்ல. மீன் வருவதற்கு முன்பே வட்டு அதை மணிக்கணக்காக இழுத்து வளைத்து வைத்திருக்கிறது. மென்மையான கோலாக இருந்தால் அந்த இழுப்பிலேயே அடிவரை வளைந்து, மீன் கடிக்கும்போது வளைய மிச்சம் எதுவும் இருக்காது. மெத்தென்ற கோலே அந்த நேரத்தில் இரும்புக் கம்பிபோல ஆகிவிடும். ஆகவே வேண்டியது, நுனியும் நடுப்பகுதியும் வட்டின் இழுப்புக்கு வளைந்து கொடுத்து, அடிப்பகுதியில் மீனுக்கான வலுவை மிச்சம் வைத்திருக்கும் கோல். கடைக்காரர்கள் மீடியம் ஹெவி பவர், மாடரேட் ஆக்‌ஷன் என்பது இதைத்தான். பவர் என்பது எவ்வளவு எடைக்கு வளையும் என்பது. ஆக்‌ஷன் என்பது எங்கிருந்து வளையும் என்பது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, மென்மை வேண்டும் என்று லைட் பவர் கோல் வாங்குகிறவரும் உண்டு. வலு வேண்டும் என்று நுனியில் மட்டும் வளையும் ஃபாஸ்ட் ஆக்‌ஷன் கோல் வாங்குகிறவரும் உண்டு. இருவரும் ஒரே பள்ளத்தில் இரு பக்கத்திலிருந்தும் விழுகிறார்கள். சோதிக்க ஓர் எளிய வழி: நூலைக் கோலின் வளையங்களில் கோத்து, ஓரிரண்டு கிலோ அரிசிப் பையைக் கட்டித் தூக்கிப் பாருங்கள். நுனியிலிருந்து நடுவரை ஒரே சீராக வளைந்து, கைப்பிடிக்கு மேல் உள்ள மூன்றிலொரு பங்கு ஏறக்குறைய நேராக நின்றால் கோல் சரி. பை முழுக் கோலையும் வளைத்துவிட்டால் வேறு கோல் பாருங்கள்.

கோல் எதனால் செய்யப்பட்டது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எடை குறைவு, நுட்பமாக உணர்த்தும் என்று சொல்லி கிராஃபைட் கோலுக்கு அதிக விலை வைக்கிறார்கள். கையில் பிடித்துக்கொண்டு, மீன் முகர்ந்து பார்ப்பதையும் விரலில் உணரவேண்டிய தூண்டிலுக்கு அது நியாயமான விலை. மூழ்குவட்டுக் கோல் கையிலா இருக்கிறது? படகின் ஓரத்தில் தாங்கியில் செருகிக் கிடக்கிறது. மீன் கடித்தால் உணர நுட்பம் தேவையில்லை. கோல் தண்ணீரை நோக்கி மடிந்துவிழும், ரீல் அலறும். ஆகவே பழைய கண்ணாடியிழைக் கோல், அல்லது கண்ணாடியிழையும் கிராஃபைட்டும் கலந்த கோல், விலையிலும் குறைந்து வேலைக்கும் பொருத்தமாக இருக்கிறது. கண்ணாடியிழை மெதுவாக வளையும், மெதுவாக நிமிரும், தாங்கியில் இடிபட்டாலும் சட்டென்று விரிசல் விடாது.

நீளம் வேறு கணக்கு. வட்டு கோலின் நுனி வளையத்துக்குள் நுழையாது. சுருட்டிக்கொண்டே வந்தால் நுனியில் வந்து முட்டி நிற்கும். மீன் அதற்குப் பின்னால் லீடர் நீளத்துக்கு அப்பால் கிடக்கும். அதைக் கைவலைக்குள் கொண்டுவர வேண்டுமானால் கோலைத் தலைக்குமேல் தூக்கிப் பின்னால் சாய்ந்து மீனைப் படகோரம் இழுக்க வேண்டும். லீடர் கோலைவிட நீளமாக இருந்தால் அது நடக்காது. வலை பிடிப்பவர் எட்டி எட்டிப் பார்த்துத் தண்ணீரில் விழ வேண்டியதுதான். ஆகவே எட்டரை அடிக் கோலுக்கு ஆறு அடி லீடர், பத்தடிக் கோலுக்கு ஏழெட்டு அடி என்று கோல்தான் லீடரை நிர்ணயிக்கிறது. குவாகா மஸல் என்ற அயல் சிப்பிகள் பெருகி ஏரித் தண்ணீரை வடிகட்டித் தெளிவாக்கிவிட்ட இந்தக் காலத்தில், மினுமினுக்கும் வட்டிலிருந்து இரை இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தால் நல்லது என்பதால் கோலும் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. படகின் ஒரு பக்கத்தில் இரண்டு வட்டுகள் விடுகிறவர், வெளியே விலகி ஓடும் 3ஆம் எண் வட்டுக்குப் பத்து அல்லது பத்தரை அடிக் கோலையும், உள்ளே ஆழமாக ஓடும் 1ஆம் எண் வட்டுக்கு எட்டரை அல்லது ஒன்பதடிக் கோலையும் வைத்தால் நூல்கள் சிக்காது. நாலு கோலையும் ஒரே நீளத்தில் செட்டாக வாங்குவது பார்க்க அழகாக இருக்கும். நூல் சிக்கினால் அவிழ்ப்பது அந்த அழகையெல்லாம் தின்றுவிடும்.

இவ்வளவு எதற்கு, வட்டுக்கும் லீடருக்கும் நடுவே ஸ்னப்பர் என்கிற ஒரு சாண் ரப்பர் குழாயைக் கட்டினால் நெகிழ்வு கிடைத்துவிடாதா என்பது ஒரு நல்ல ஆட்சேபம். ஸ்னப்பர் கட்டவேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது இருக்கும் இடமும் என் வாதத்துக்குச் சாதகமானதுதான். வட்டுக்குப் பின்னால் இருப்பதால், நாம் கோலை வெட்டி அனுப்பும் செய்தியை அது தின்பதில்லை. மீனின் முதல் அடியை மட்டும் வாங்கிக்கொள்கிறது. ஆனால் முதல் அடியோடு அதன் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு கால்மணி நேரம் மீன் திரும்பித் திரும்பிப் பாய்வதையும், அலையில் படகு ஏறி இறங்குவதையும் ஒரு சாண் ரப்பர் தாங்காது. அடிக்கு ஸ்னப்பர், சண்டைக்குக் கோல்.

கம்பி விரும்பிகளின் ஆட்சேபம் இன்னும் கனமானது. ஏழு இழை முறுக்கிய மெல்லிய துருவேறா எஃகுக் கம்பியையே நூலாகப் பயன்படுத்துகிறவர்கள் பேரேரிகளில் நிறைய. தண்ணீரைவிட எஃகு கிட்டத்தட்ட எட்டு மடங்கு அடர்த்தி. பாலித்தீன் பின்னல் நூலோ தண்ணீரில் மிதக்கும் பொருள். எனவே அதே நீளத்துக்குக் கம்பி கூடுதல் ஆழம் தரும். ஓடும்போது கம்பி ரீங்காரமிடும், அந்த ஒலி சால்மனை அழைக்கும் என்றும் சொல்வார்கள். ரீங்காரம் உண்மை; கோலில் கை வைத்தால் தெரியும். அது மீனை அழைக்கிறது என்பதற்கு, கம்பியில் நிறைய மீன் மாட்டியது என்பதைத் தவிர வேறு சான்று காட்டப்படுவதில்லை. ஆழமாகப் போனதால் மாட்டியிருக்கலாம் அல்லவா? எப்படியானாலும், கம்பி என் வாதத்தை முறிக்கவில்லை, அதன் எல்லைக்கே கொண்டுபோகிறது. கம்பிக்கு நீட்சி என்பதே ஏறக்குறைய கிடையாது. அதனால் கம்பிக் கோல்கள் இன்னும் சீராக வளைய வேண்டியிருக்கிறது. அதன் வில்லங்கங்கள் வேறு. ஒருமுறை மடிந்து முறுக்கு விழுந்த இடம் அடுத்த மீனுக்கு அறும். பீங்கான் வளையத்தை அது அரம்போல ராவிவிடும் என்பதால் நுனியில் உருளையோ சுருள்வில்லோ பொருத்த வேண்டும். ரீலில் ஒரு கணம் தொய்வு விட்டால் கம்பி சுருண்டு கூடு கட்டிவிடும். நூறு நாள் ஏரிக்குப் போகிற வாடகைப் படகுக்காரருக்கு இதெல்லாம் கைப்பழக்கம். வருடத்துக்குப் பத்து ஞாயிற்றுக்கிழமை போகிறவருக்குக் கம்பியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உண்மையிலேயே என் கட்சியை மடக்கக்கூடிய எதிரி ஒரு சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். முள்வால் நீர்த்தெள்ளு. யூரேசியாவிலிருந்து கப்பல்களின் நிலைப்புநீரோடு 1980களில் பேரேரிகளுக்குள் வந்த கண்ணாடி போன்ற சிற்றுயிர். உடலின் பெரும்பகுதி முள் வைத்த வால். 1998இல் இதன் உறவுக்காரி, தூண்டில்முள் போல வளைந்த வாலுடைய இன்னொன்று, ஒண்டாரியோ ஏரியில் தென்பட்டது. கோடை முற்றும்போது இவை கோடிக்கணக்கில் மிதக்கும். ஓடும் நூலில் ஒரு தெள்ளின் வால் மாட்டும், அதில் இன்னொன்று மாட்டும். நூலைச் சுருட்டும்போது ஈரப் பஞ்சுத் திரி போலத் திரண்டு வந்து நுனி வளையத்தை அடைத்துவிடும். மீன் மறுமுனையில் இருக்க, ரீல் சுற்றாது. ஒருவர் படகோரம் சாய்ந்து விரலால் வழித்து வழித்துப் போட வேண்டும். மெல்லிய நூல்தான் இந்த வாலுக்கு வசதி. நூல் பருத்தால் வால் அதைச் சுற்றிப் பிடிக்க முடியாமல் வழுக்குகிறது. அதனால் தெள்ளு மொய்க்கும் வாரங்களில் 30 பவுண்டு நைலானுக்குத் திரும்புகிறவர்கள் தவறு செய்யவில்லை. சுருட்டவே முடியாத நூல் எவ்வளவு ஆழம் போய் என்ன? ஆனால் என்ன விட்டுக்கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு திரும்ப வேண்டும். அந்த நைலானின் பருமன் 0.56 மில்லிமீட்டர், பின்னல் நூலுக்குச் சரியாக இரண்டு மடங்கு முகப்பு. இழந்த ஆழத்தை மீட்க வட்டைச் சுற்றிக் கூடுதல் பிளாஸ்டிக் வளையம் மாட்டுவார்கள். வளையம் மாட்டினால் இழுப்பு கூடும். இழுப்பு கூடினால் இன்னும் வலுவான கோல் வேண்டும். நைலானின் நெகிழ்வு இருப்பதால் அந்தக் கோல் சற்று விறைப்பாகவே இருக்கலாம். நூலை மாற்றிய கையோடு கோலும் மாறுகிறது. ஒன்றைத் தொட்டால் மற்றது நகராமல் இருக்காது.

என் தாத்தா காலத்திலிருந்து நைலான்தானே, அதில் மாட்டாத மீனா என்று கேட்கிறவருக்கும் பதில் உண்டு. மாட்டியது, ஏப்ரல், மே மாதங்களில் இன்றும் மாட்டும். வசந்தத்தில் கரையோரத் தண்ணீர்தான் முதலில் சூடேறும், கோஹோ மேலாக மேயும். எழுபது எண்பது அடி நூலும் சின்ன வட்டும் போதும். எழுபது அடிக்கு நைலானின் நீட்சி பெரிய பாவமில்லை, விலையோ கால்வாசி. நீட்சியும் பருமனும் நீளத்தோடு பெருகுகிற குறைகள். 200 அடி விடும்போது வில்லனாகத் தெரிவது 70 அடியில் வெறும் துணைநடிகன். வசந்தத்தில் மட்டும் பிடிக்கிறவர் பின்னல் நூலுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

ரீலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விட்ட நூலின் அடியைக் காட்டும் எண்ணி உள்ளதாக இருக்கட்டும். எந்த ஆழத்தில் மீன் கடித்தது என்பது தெரியாவிட்டால் இரண்டாவது மீன் அதிர்ஷ்டம்தான். ஆனால் அந்த எண்ணி உண்மையில் நூலை அளப்பதில்லை, ரீல் எத்தனை சுற்று சுற்றியது என்பதை அளக்கிறது. ரீல் நிறைய நூல் இருக்கும்போது ஒரு சுற்றில் போகும் நீளமும், பாதி காலியானபின் போகும் நீளமும் ஒன்றல்ல. ஆகவே ரீலை விளிம்புவரை நிரப்ப வேண்டும், எல்லா ரீல்களையும் ஒரே அளவுக்கு நிரப்ப வேண்டும். முழுவதும் பின்னல் நூலால் நிரப்பினால் செலவு. அடியில் கொஞ்சம் நைலான் சுற்றி அதன்மேல் பின்னல் நூலைக் கட்டினால் செலவும் குறையும், வழவழப்பான பின்னல் நூல் ரீலின் தண்டில் வழுக்கிச் சுழல்வதும் நிற்கும். பிரேக்கை, அதாவது டிராக்கை, வட்டின் இழுப்பில் நூல் நழுவாத அளவுக்கு இறுக்கி, அதற்குமேல் ஒரு பொட்டுகூட இறுக்காமல் விடவேண்டும். நீளாத நூலில் அந்த ஒரு பொட்டு மீனின் வாயில் போய் முடியும்.

பின்னல் நூலுக்கு மாறிய பிறகு ஒரு வேலை கூடுகிறது. நைலான் மன்னித்துவிடும் சின்ன விரிசலைக்கூடப் பின்னல் நூல் மன்னிக்காது. கோலின் வளையங்களுக்குள் இருக்கும் பீங்கான் வட்டத்தில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. வட்டின் இழுப்போடு ஒவ்வொரு அலைக்கும் அந்த இடத்திலேயே உரசி, நூலின் இழைகள் ஒவ்வொன்றாகப் பிரியும். காது குடையும் பஞ்சுக்குச்சியை எடுத்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். விரிசல் இருந்தால் பஞ்சில் ஒரு நார் அங்கே மாட்டிக்கொண்டு நிற்கும். நுனி வளையத்தில் மட்டும் இரண்டு தடவை சுற்றுங்கள். வட்டு வந்து முட்டுவது அங்கேதான்.